பாலம் குடித்த தண்ணீர்

நான் ரோடு போடுகிறவன், பாலமும் கட்டுகிறவன். பாலம் என்றதும் மெட்ரோ ஓடுகிற தூண்களையோ ஓசூர் ரோட்டில் தலைக்கு மேலே போகிற மேம்பாலத்தையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். அதெல்லாம் பெரிய கம்பெனி, பெரிய கிரேன். என்னுடையது முப்பது அடி, மிஞ்சினால் நாற்பது அடி. ராஜகாலுவை என்று இந்த ஊரில் சொல்கிற பெரிய மழைநீர்க் கால்வாயின் குறுக்கே, இந்தப் பக்கத்துச் சந்துகளை அந்தப் பக்கத்து ரோட்டோடு சேர்த்துவிடுகிற சங்கதி. ஸ்கூட்டரில் வருகிறவனுக்கு ஒரு பாலத்தின் மேல் போகிறோம் என்றே தெரியாது. லேசாக ஒரு மேடு ஏறி இறங்கும், அவ்வளவுதான். தெரியாமல் அவன் போய்ச் சேர்ந்தால் நான் ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்வேன்.

பிறந்து வளர்ந்தது தொம்மலூரில். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சைட்டில் இரண்டோடு கொஞ்சம் உருதுவும் இந்தியும். தார் டிரம் உருட்டுகிற ஆளாகச் சேர்ந்தேன். ரோலருக்குப் பின்னால் நடந்தேன், மேஸ்திரியானேன், பிறகு சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கிற அளவுக்கு வந்தேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்பாள் என் மனைவி. வாஸ்தவம்தான். ஆனால் பெங்களூரில் ரோடு போடுகிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். தார் போட்டு, ரோலர் ஓட்டி, வழவழவென்று விட்டுவிட்டு வருவோம். மறு வாரமே கேபிள்காரன் வந்து நட்டநடுவில் தோண்டுவான். அவன் மூடிவிட்டுப் போனால் குழாய்க்காரன் வருவான். கடைசியில் குழியில் வண்டியை விட்டவன் நின்று திட்டுவது என்னை.

பாலம் அப்படியில்லை. பாலத்தைத் தோண்ட எவனுக்கும் தைரியம் வராது. அது இருக்கட்டும், பாலத்தின் மேல் எனக்கிருப்பது வேறு மாதிரியான மயக்கம். முப்பது வருஷமாகச் செய்கிறேன், ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. பகலில் கூழ் மாதிரி ஊற்றுகிறோம், மறுநாள் காலையில் கால் வைத்தால் கல். ஒரு மாதம் போனால் அதன் மேல் ஜல்லி லாரி நிற்கிறது. எப்படி என்று கேட்டால் படித்தவர்கள் ரசாயனம் சொல்வார்கள். கேட்டிருக்கிறேன், தலையும் ஆட்டியிருக்கிறேன். ஆனாலும் கான்கிரீட் போட்ட மறுநாள் முதல் வேலையாகப் போய் உள்ளங்கையை அதன் மேல் வைப்பேன். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பாத்திரம் போலச் சூடாக இருக்கும். உள்ளே இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போகும், இந்த வயதிலும்.

சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட பாலத்தைப் பற்றி. காலுவையின் இந்தப் பக்கம் பழைய கிராமத்துச் சந்துகள், ஒட்டி ஒட்டி வீடுகள். அந்தப் பக்கம் கண்ணாடி ஆபீஸ்கள். இங்கிருந்து அங்கே பெருக்கித் துடைக்கவும் கேன்டீனில் பாத்திரம் கழுவவும் போகிற பெண்கள், கால்வாயின் குறுக்கே ஓடுகிற ஒரு பெரிய தண்ணீர்க் குழாயின் மேல் நடந்துதான் கடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கையில் டிபன் டப்பா, இன்னொரு கை காற்றில். சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர். மழை பெய்தால் அந்தக் குழாய் பாசி பிடித்து வழுக்கும். மழைக்காலத்துக்கு முன் பாலத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. முதல் நாள் அந்தப் பெண்கள் குழாய் மேல் போவதைப் பார்த்ததும் அதை யாரும் எனக்குச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றியது.

வெயில் கொளுத்துகிற மாதத்தில், ஒரே நாளில் மேல்தளம் போட்டு முடித்தோம். போடும்போதே அதே கான்கிரீட்டிலிருந்து எடுத்து, ஆறு அங்குலச் சதுர இரும்பு அச்சுகளில் ஆறு கட்டிகள் ஊற்றி வைப்போம். கியூப் என்போம். மறுநாள் அச்சைக் கழற்றி, கட்டிகளைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். மூன்றை ஏழாம் நாளும் மூன்றை இருபத்தெட்டாம் நாளும் லேபுக்கு அனுப்புவோம். அங்கே மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். வேலை கொடுத்த ஆபீஸைப் பொறுத்தவரை பாலம் என்பது அந்த ஆறு கட்டிகள்தான். பாலத்தை உடைத்துப் பார்க்க முடியாது, அதனால் அதன் சார்பில் இவை உடைகின்றன. எங்கள் கியூப்களை ஷெட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி உள்ளே போட்டிருந்தோம்.

மேல்தளத்துக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை ஒரு பெண்ணிடம் இருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். நாலைந்து சைட்டாக என்னோடு வேலை செய்கிறாள், சைட்டிலேயே தகர ஷெட்டில் தங்குவாள். கான்கிரீட்டின் மேல் மண்ணால் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தி, அது வற்ற வற்ற மறுபடி ஊற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்குக் குறையாமல். எங்கள் தொழிலில் இதைவிட மதிப்பில்லாத வேலை கிடையாது. கம்பி கட்டுகிறவன் கெத்தாக நடப்பான், பலகை அடிக்கிறவன் அதைவிடக் கெத்தாக நடப்பான். தண்ணீர் காட்டுகிறவள் குடத்தோடு ஓரமாகப் போவாள், வருவாள். அவள் ஒரு நாள் தூங்கிவிட்டால் மேல்தளம் முழுக்க வெடிப்பு விழுந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

கான்கிரீட் போட்ட இரண்டாம் நாள் சைட்டில் போர்வெல் நின்றுபோனது. மோட்டாரைப் போட்டால் வெறும் காற்றுதான் வந்தது. ஊர் முழுக்க அதே கதை. டேங்கர்காரன் போனையே எடுக்கவில்லை; எடுத்தாலும் அடுக்குமாடிக்காரர்களுக்கே கொடுக்க முடியவில்லை என்று வைத்துவிட்டான். எனக்கு அதே சமயம் பொம்மசந்திராவில் ஒரு ரோடு வேலை. காலையும் மாலையும் போன் போட்டு அவளிடம் கேட்பேன்.

"தண்ணி இருக்குதாம்மா?"

"இருக்குதுண்ணா."

கேட்டதோடு சரி. ஊருக்கே இல்லாத தண்ணீர் இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கேட்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். பாத்திகளில் தண்ணீர் நிற்கும், வெயிலில் பளபளக்கும். திருப்தியாகத் திரும்பிவிடுவேன். நீல டிரம்மின் மூடியை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

ஏழாம் நாள் டெம்போக்காரன் மூன்று கியூப்களை லேபில் கொண்டுபோய்க் கொடுத்தான். பலம் குறைவாக வந்தது. ஆபீஸ் தரப்பில் பொறுப்பில் இருந்த இன்ஜினியர் ஹாசன் பக்கத்துக் கன்னடப் பெண், என் மகள் வயது. எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். ரிசல்ட்டைக் காட்டி என்ன சார் இது என்று கேட்டார். "பிக்கப் ஆயிடும் மேடம்" என்றேன். நாளாக ஆகப் பலம் ஏறிவிடும் என்று அர்த்தம்; எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. மூன்றாம் வாரம் ஒரு கோடை மழை அடித்தது, டேங்கரும் வர ஆரம்பித்தது, எனக்கு நிம்மதியாகிவிட்டது. இருபத்தெட்டாம் நாள் மீதி மூன்று கியூப்களும் போயின. மூன்றும் ஃபெயில். கொஞ்சநஞ்சமாக அல்ல, படுமோசம்.

இன்ஜினியர் சைட்டுக்கு வந்தார். அன்று சிரிக்கவில்லை. "ஒடீபேகாகுத்தே சார்" என்றார். உடைக்க வேண்டியிருக்கும்.

என் காலடியில் இருந்த பாலத்தைத்தான் சொல்கிறார் என்பது உறைக்கச் சற்று நேரம் ஆனது. முப்பது வருஷத்தில் நான் போட்ட ரோட்டை எத்தனையோ பேர் உடைத்திருக்கிறார்கள். பாலம் ஒன்றுகூட உடைபட்டதில்லை. அந்தப் பக்கம் பார்த்தேன். வேலை முடிந்த பெண்கள் குழாய் மேல் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்துகொண்டிருந்தார்கள். உடைத்து அள்ளி மறுபடி கட்டுவதற்குள் மழை வந்துவிடும்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். சிமென்டில் ஆரம்பித்து, மணல், ஜல்லி, டெம்போக்காரன் என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியில் அவளிடம் வந்தேன்.

"இன்னாம்மா பண்ண நீ? தண்ணி காட்டுனியா, இல்ல ஷெட்ல படுத்துத் தூங்குனியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாலைந்து சைட்டில் அப்போதுதான் முதல்முறையாக அப்படிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"ஒரு நாளு, ஒரு வேள காயவுடலண்ணா. வேணும்னா மேல ஏறி வெடிப்பு எங்கனா இருக்குதான்னு நீங்களே பாருங்க."

"தண்ணியே இல்லாத ஊர்ல எங்கேர்ந்து ஊத்துன?"

அப்போதுதான் சொன்னாள். எதிர் அபார்ட்மென்டில் குடிநீர் மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரை வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பிடித்திருக்கிறாள். கோயிலில் சாமிக்கு அபிஷேகம் ஆன தண்ணீர் வெளியே ஓடுகிற வாய்க்காலில் குடத்தை வைத்திருக்கிறாள். சந்தில் துணி துவைக்கிற வீடுகளில் அலசின தண்ணீர் கேட்டிருக்கிறாள். சோப்பு இருந்தால் வேண்டாம் என்று சொல்லி, கடைசி அலசல் தண்ணீர் மட்டும். பழைய சாக்குகளை நனைத்துப் பாத்திகளின் மேல் போர்த்தி வெயிலை மறைத்திருக்கிறாள். குளிப்பதை நாலு நாளைக்கு ஒரு தடவை ஆக்கிக்கொண்டாளாம்.

"போரு நின்ன மொத நாளு எங்கியும் ஒரு சொட்டு கெடைக்கலண்ணா. அப்பத்தான் அந்த நீல டிரம்ம மொண்டு ஊத்திட்டேன்."

"டிரம்முலயா? அதுல கியூப் இருந்துச்சேம்மா!"

"கல்லுங்க இருந்துச்சு. இருந்தா இன்னா? அதுல தண்ணி வெச்சது வெச்ச மாதிரியே நின்னுச்சு. மேல இருக்குறது ஊத்த ஊத்தக் குடிச்சிக்கினே இருக்குது. குடிக்கறதுக்குக் குடுக்காம, சும்மா கெடக்குற கல்லுக்கா வெப்பாங்க? மழ வந்தப்புறம் டிரம்ம மறுபடியும் ரொப்பி வெச்சிட்டேன்."

அங்கேயே ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறந்த மறுநாளிலிருந்து அந்த ஆறு கட்டிகளும் மூடின டிரம்முக்குள் பட்டினி கிடந்திருக்கின்றன. வெயிலில் காய்ந்து பலம் பிடிக்காமல் போனவை அவைதான். பாலம் ஒரு வேளைகூடத் தண்ணீருக்கு ஏங்கவில்லை. ஊர் முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்புக்கு அலைந்த நாட்களில் ஒருத்தி தனியாக ஒரு பாலத்துக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். பெரிய தெய்வத்தின் முன் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. அவளோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் திட்டு பாக்கி இருக்கிறதா என்று காத்துக்கொண்டிருந்தாள். கியூப் எதற்கு என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. பயந்துபோய் ஊருக்குப் போய்விடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்.

இன்ஜினியரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால், "இதன்னெல்லா ஃபைல்னல்லி ஹேகே பரியோது சார்?" என்றார். இந்தக் கதையை ஃபைலில் எப்படி எழுதுவது? நியாயமான கேள்வி. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பாலத்தின் மேலேயே பாரம் ஏற்றிப் பார்த்துவிடலாம். தாங்கினால் இருக்கட்டும். தாங்காவிட்டால் உடைத்தே ஆக வேண்டும், அப்புறம் பேச்சில்லை.

தாங்கும் என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அந்த உறுதி எங்கே போனதோ தெரியவில்லை. அவள் ஊற்றினாள் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டிரம்மின் மூடியைத் திறக்காதவன், மற்றதை மட்டும் சரியாகப் பார்த்திருப்பேனா? கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா, ஊற்றும்போது நான் போன் பேச நகர்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எவனாவது கலவையில் கூடுதலாகத் தண்ணீர் விட்டானா என்றெல்லாம் மனசு தோண்டிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோதனை நாளன்று காலையிலேயே மணல் மூட்டைகள் வந்துவிட்டன. எடை போட்ட மூட்டைகள். அடியில், கால்வாய்ச் சாக்கடையில் பூட்ஸ் போட்டு இறங்கி, பாலத்தைத் தொடாமல் தனியாக ஒரு சாரம் கட்டியிருந்தார்கள். அதன் மேல் கடிகாரம் போல வட்டமான மீட்டர்கள். அவற்றிலிருந்து நீட்டிய சின்னக் கம்பி பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைமுடி அளவு இறங்கினாலும் ஊசி காட்டிவிடும். வைத்த பாரத்தை ஒரு நாள் முழுக்க விட்டுவைப்பார்கள். பிறகு எடுத்துவிட்டு இன்னொரு நாள் காத்திருப்பார்கள். இறங்கினதில் முக்கால் பங்காவது தானாக மேலே திரும்ப வேண்டும். அதுதான் விதி.

முதல் வரிசை மூட்டைகளை வைத்தார்கள். நான் அடியில் இன்ஜினியர் பக்கத்தில் நின்றேன். ஊசி அசைந்தது.

முப்பது வருஷம் பாலம் கட்டியவன் நான். பாரம் வைத்தால் பாலம் குனியும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் காகிதத்தில்தான் தெரியும். கண்ணால் அன்றுதான் பார்த்தேன். இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஊசி கொஞ்சம் நகர்ந்து நின்றது. கடைசி மூட்டை ஏறி முடிந்தபோது பாலம் மொத்தமாக இறங்கியிருந்தது ஒரு பச்சரிசியின் நீளம்கூட இல்லை. அடியில் எங்கும் ஒரு கீறல் விழவில்லை. குனிந்தது இருக்கட்டும், நிமிர வேண்டுமே.

மறுநாள் அதே நேரத்துக்கு மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்கள். அவளும் மற்ற ஆட்களோடு கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை போனது. ஊசி திரும்பியது. இன்னொரு வரிசை. இன்னும் திரும்பியது. யாரும் தள்ளவில்லை, இழுக்கவில்லை. நான் கஞ்சி மாதிரி ஊற்றின சங்கதி, தன் முதுகில் இருந்ததை இறக்கி வைக்க வைக்கத் தானாக நிமிர்ந்துகொண்டிருந்தது. சாக்கடை நாற்றம், கொசு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதற்கடுத்த நாள் இன்ஜினியர் கடைசி அளவைப் பார்த்தார். குறித்துக்கொண்டார், மறுபடி பார்த்தார். பத்தில் ஒன்பது பங்கு மேலே வந்திருந்தது.

"வாபஸ் பந்து சார்!" என்றார். திரும்பி வந்துவிட்டது. குரலில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். பாலம் நிமிர்வதை அவரும் அதுவரை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்.

ஒரு சம்பிரதாயம் மட்டும் மீதி இருந்தது. கியூப் ஏன் தோற்றது என்று நான் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். "லேபர் நெக்லிஜென்ஸ் அந்த பரெது கொடி, சாகு" என்றார். ஆட்களின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் போதும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாக் கடிதத்திலும் அந்த வரிதான் இருக்கும். நானே பல தடவை எழுதியிருக்கிறேன்.

பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். எழுந்து ஷெட்டுக்குப் போனேன். அவள் சாக்குகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் கியூப் என்றால் என்ன, அது எதற்காகத் தண்ணீரில் கிடக்க வேண்டும், லேபில் அதை என்ன செய்வார்கள், அது தோற்றால் என்ன ஆகும், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்துப்போனது. கையிலிருந்த ஈரச் சாக்கு தரையில் விழுந்தது.

"அப்ப ஒடைக்க வந்தது என்னாலயாண்ணா?"

"என்னாலம்மா. முப்பது வருஷத்துல இது எதுக்குன்னு ஒருத்தருக்கும் நான் சொன்னதில்ல. பாலம் நிக்கறது உன்னால. நீ இல்லன்னா அதுவும் அந்தக் கல்லுங்க மாதிரிதான் ஆயிருக்கும்."

அவள் பாலத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாக்கை எடுத்து உதறினாள்.

"அப்டின்னா அடுத்த சைட்டுல ரெண்டு டிரம்மு வெய்ங்கண்ணா. கல்லுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

திரும்பிப் போய்க் கடிதத்தை எழுதினேன். தவறு காண்ட்ராக்டருடையது என்றும், பாலத்துக்குத் தண்ணீர் காட்டியதில் ஒரு குறையும் இல்லை என்றும் எழுதினேன். இனி ஒவ்வொரு சைட்டிலும் இரண்டு டிரம் இருக்கும் என்றும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.